லேபிள் கிழிக்கும் ராசப்பன்

ரசாயனம் வந்த கேனைத் தொட்டித் தண்ணீரில் படுக்கவைத்து, ஒரு முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டுகிறார் ராசப்பன். ஓரம் எழும்பியதும் அவசரப்படுவதில்லை. ஈரம் இறங்கட்டும் என்று காத்திருந்து, முழுசாக ஒரே இழுப்பில் உரிக்கிறார். உரித்ததை நாலாகக் கிழிக்கிறார். ஒரு பங்கு பாய்லருக்கு, ஒரு பங்கு முக்குக் கடை டீ அடுப்புக்கு, ஒரு பங்கு சாக்கடைக்கு. கடைசிப் பங்கு சட்டைப் பையில் ஏறி வீட்டுக்குப் போகிறது. "ஒரே எடத்துல போட்டா ஒட்ட வச்சுப் படிச்சுருவானுங்க" என்கிறார். யார் என்று கேட்டால், திருப்பூர் முழுவதும் சேர்கிற மாதிரி கையை ஒரு வீசு வீசிக் காட்டுகிறார்.

நான் லேபிள் அச்சடித்துச் சாப்பிடுகிறவன். பனியன் கழுத்தில் உறுத்துமே, 'நூறு சதம் காட்டன், வெந்நீரில் துவைக்காதீர்' என்று, அது என் பிரஸ்ஸில் அடித்ததாகவும் இருக்கலாம். அவர் லேபிள் கிழித்துச் சாப்பிடுகிறவர். திருமுருகன்பூண்டியில் எதிரெதிர் வீடு. இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் எங்கள் சிநேகம் ஓடுகிறது.

மங்கலம் ரோட்டில் தரணீதரன் என்கிற இளவயது முதலாளியின் ஃபினிஷிங் யூனிட்டில் ராசப்பன் மாஸ்டர். சாயம் ஏறி விறைத்துப்போய் வருகிற பின்னல் துணியைப் பச்சைக் குழந்தை உடுத்துகிற பதத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அதற்கென்று ஒரு சாஃப்ட்னர் கலவை வைத்திருக்கிறார். அதில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். ஆண்டவனுக்கும் அளவு தெரியாது என்பது என் சந்தேகம்.

துணியின் மிருதுவை ஊரில் எல்லோரும் விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பார்கள். இவர் மேலுதட்டில் வைத்துப் பார்ப்பார். "வெரலு பழகிப்போயிருமுங்க, எதக் குடுத்தாலும் செரின்னுரும். ஒதடு ஒத்துக்காதுங்க." இதற்காகவே கல்யாணத்துக்கு முன்பே மீசையை எடுத்துவிட்டாராம். மீசையில்லாத மாப்பிள்ளையைப் பார்த்துப் பெண் வீட்டார் தயங்கியபோது, பெண்ணுக்குக் கொண்டுபோன சேலையை உதட்டில் ஒற்றிப் பார்த்து "பாலியஸ்டர் கலந்திருக்குதுங்க, கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்று சொல்லி மாப்பிள்ளையே குட்டையைக் குழப்பியதாக அவர் மனைவி அன்புசெல்வி சொல்கிறார்.

கலவை ரகசியத்துக்கு அவர் செய்கிற காவல் கொஞ்சமல்ல. லேபிளைக் கிழிப்பது போதாதென்று, பயன்படுத்தவே பயன்படுத்தாத சாமான்களையும் வாங்கி அலமாரியில் முன்வரிசையில் வைக்கிறார். விளக்கெண்ணெய், ஜவ்வரிசி, ஒரு முறை வெந்தயம். உளவு பார்க்க வருகிறவன் பார்த்துவிட்டுப் போகட்டுமாம். பக்கத்து யூனிட்டில் யாரோ வெந்தயத்தை ஊறவைத்துத் துணியில் ஏற்றிப் பார்த்ததாகவும், அந்தச் சரக்கு கப்பலில் போகும்போதே மணத்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையைக் கிளப்பியவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

முதலாளி தரணீதரனும் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் மாஸ்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஒரு பாட்டிலில் கலவையைப் பிடித்து சோதனைக்கு அனுப்பினார். காசு கட்டி வாங்கிய முடிவு, சோறு வடித்த கஞ்சி என்று வந்தது. ராசப்பன் சாப்பிடப் போகும்போது தொட்டியை மாற்றிவைத்துவிட்டுப் போகிற வழக்கம் முதலாளிக்குத் தெரியாது. இருவரும் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் மூச்சு விடவில்லை. மறுநாள் மாஸ்டர் மட்டும் முதலாளியிடம், "மொதலாளி, ஒடம்பு சூடுன்னா கஞ்சித் தண்ணி நல்லதுங்க" என்றாராம்.

"மொழங்காலுக்குத் தைலம் தேச்சாக்கூட என்ன தைலம்னு எங்கிட்டச் சொல்ல மாட்டாருங்க" என்கிறார் அன்புசெல்வி. "மோந்து பாத்துத்தான் கண்டுபுடிக்கோணும்."

இப்படிப்பட்ட மனிதருக்கு, கண்டதையெல்லாம் ஊரறியச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு மகள் பிறந்தாள்.

சிந்துஜா கோயம்புத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருகிறாள். அவள் ஆராய்கிற பொருளுக்கு டோப்பாலஜிக்கல் இன்சுலேட்டர் என்று பெயர். இந்தப் பெயர் பூண்டியில் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் பாதியைக் கேட்டவர்கள் பெண் டோப்பா பற்றிப் படிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். தலையில் வழுக்கை விழுந்த ஒரு தூரத்து உறவுக்காரர், கூச்சத்தோடு வந்து நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னார். பின் பாதியைக் கேட்டவர்கள், கரண்டுக் கம்பியில் சுற்றுகிற கறுப்பு டேப்புக்கு இத்தனை வருஷப் படிப்பா என்று வியந்தார்கள். 'கல்லுக்கு மேல்பூச்சு பூசி ஆராய்ச்சி' என்று ராசப்பனே சுருக்கிச் சொல்லப்போக, நிலைமை இன்னும் மோசமானது. பூண்டியில் கல் என்றால் சிலைதான். சிற்பக்கூடம் வைத்திருக்கும் மொக்கைச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, பிள்ளையார்மேல் எண்ணெய்க் கறை பிடிக்காமல் இருக்க எதைப் பூசலாம் என்று சிந்துஜாவிடம் கேட்டார். அவளும் பொறுமையாக யோசித்து ஏதோ சொல்லி அனுப்பினாள்.

அப்பாவுக்கு அவள் விளக்கிய நாளில் நானும் அந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கடுகளவு படிகம் ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் காட்டினாள். பிஸ்மத்தும் செலினியமும் சேர்த்து உருக்கி வளர்த்ததாம். காக்காப்பொன் மாதிரி மினுக்கியது. அதைப் போலவே ஏடு ஏடாக உரியுமாம், செல்லோடேப்பை ஒட்டி இழுத்தாலே போதுமாம்.

"இதுக்கு உள்ள கரண்டு ஓடாதுங்கப்பா. மேல்பக்கம் மட்டும் ஓடும்."

"முலாம் பூசினதா கண்ணு?"

"ஒன்னும் பூசலீங்கப்பா. உரிச்சா புதுசா வர்ற மேல்பக்கத்துலயும் ஓடும். மொட்ட மாடில மட்டும் ஆளு நடமாடற ஊடுன்னு வச்சுக்குங்க. உள்ள எல்லா ரூமும் பூட்டிக் கெடக்குது. மாடிய இடிச்சுட்டா, அடுத்த தளம் மாடி ஆயிருமில்ல? ஆளுங்க அங்க எறங்கி நடப்பாங்க."

ராசப்பன் குப்பியை வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "அப்ப ஃபினிஷிங்கோடயே பொறந்த சரக்கு" என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமை. தொழில்காரன் பொறாமை. "வாஷ் போட்டாப் போகுமா?"

"போகாதுங்கப்பா. மேல என்ன வந்து உக்காந்தாலும், கரண்ட ஓட வைக்கற அந்த எலக்ட்ரான் நெலை அழியாது. ஆனா நகரும். காத்துப் பட்டா ஒரு மாதிரி நகரும், வேற எதையாச்சும் பூசினா வேற மாதிரி நகரும். எதப் போட்டா எவ்வளவு நகருதுன்னு அளக்கறதுதான் என்ற வேலை."

"போகாது, நகரும்" என்று ராசப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து போய், ஒரு பை நிறையத் துண்டு துண்டாக வெட்டிய வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். "லேபுல தொடைக்க வச்சுக்க சாமி. நம்ம கையால போட்ட சரக்கு. உன்ற கல்லுக்குக் கீறல் உழுகாது." தன் கலவையில் இரண்டு முறை முக்கி எடுத்த துணி. வெளிநாட்டுக் குழந்தைக்குப் போகிற உடுப்புக்குக்கூட ஒரு முறைதான்.

அதன் பிறகு மாதா மாதம் ஒரு பை போனது. சிந்துஜா இடுக்கியைத் துடைத்தாள், தட்டைத் துடைத்தாள், படிகத்தை மூடிவைக்கிற கண்ணாடி ஜாடியைத் துடைத்தாள். அந்த மாதங்களில்தான் அவள் ஆராய்ச்சி முறுக்கிக்கொண்டது. எலக்ட்ரான் நிலை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. புதிதாக உரித்த படிகத்திலும் நகர்ந்தே இருந்தது. கூடப் படிப்பவர்களுக்குச் சரியாக வந்தது, இவளுக்கு மட்டும் கோணலாக வந்தது. படிகத்தைச் சந்தேகப்பட்டாள், டேப்பை மாற்றினாள், இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தாள். அவளுடைய பேராசிரியர் இயந்திரத்தை விட்டுவிட்டு அவளையே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். ரயிலில் இருந்து இறங்கி வருகிறபோது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பெங்களூரில் வேறொரு ஆய்வகத்துக்கு ஒரு வாரம் போனாள். அவசரத்தில் துணிப்பையை மறந்துவிட்டாள். அங்கே எல்லாம் அச்சுப்பிசகாமல் சரியாக வந்தது. திரும்பி வந்தாள், மறுபடியும் கோணல். அப்போதுதான் அவள் மேசைமேல் இருந்த பையைப் பார்த்தாள். உரித்த படிகம் ஒன்றையும் அப்பாவின் துணித்துண்டு ஒன்றையும் ஒரே ஜாடியில், ஒன்றை ஒன்று தொடாமல் மூடிவைத்தாள். மறுநாள் எடுத்து அளந்தாள். நகர்ந்திருந்தது.

எதிர்வீட்டில் சாதம் பரிமாறுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். அன்றைக்கு அந்தச் சத்தம் பாதியில் நின்றது.

"தப்பு துணிலதாங்கப்பா."

ராசப்பன் கையைக் கழுவிவிட்டு, துணித்துண்டை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். "இதுல என்ன கொற?"

"கொறையே இல்லீங்கப்பா, அதுதான் வம்பு. துணில எச்சா ஏறி இருக்கற சாஃப்ட்னரு ஜாடிக்குள்ள காத்துல ஏறி, கல்லு மேல போயி உக்காந்துக்குது."

மனிதர் வாசலில் வந்து நின்றார். தன் ஆயுசில் எந்தத் துணியிலும் எவனும் குறை சொல்லாத கலவை, பெற்ற மகளின் படிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது அவருக்குத் தாங்கவில்லை. அந்த வாரம் யூனிட்டில் இருந்து போன சரக்கு கொஞ்சம் விறைப்பாகவே போனது என்று தரணீதரன் பின்னால் என்னிடம் சொன்னார்.

ஆனால் சிந்துஜா அந்தத் துணியைத் தூக்கிப் போடவில்லை. மற்ற பூச்சுகள் போட்டால், எலக்ட்ரான் நிலை இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும், நாளைக்கு வேறிடத்துக்குப் போய்விடும். பிடித்து நிறுத்துவது பெரும்பாடாம். அப்பாவின் சாஃப்ட்னரோ, ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு நகர்த்தியது. நகர்த்திய இடத்திலேயே வாரக்கணக்கில் நிறுத்தியும் வைத்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டுரை எழுதினார்கள், அனுப்பினார்கள். வெளிநாட்டில் படித்துப் பார்த்தவர்கள் பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தப் பூச்சில் என்ன இருக்கிறது? எதெது எவ்வளவு? அதைச் சொன்னால்தான் மற்றவர்களும் செய்து பார்க்க முடியும், சொல்லாவிட்டால் வெளியிட முடியாது.

'திருப்பூர் ராசப்பன் கலவை' என்று எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? கட்டுரை வராமல் சிந்துஜா பட்டத்துக்கு மனுப் போட முடியாது. உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது. பேராசிரியர் சுலபமான வழி சொன்னார்: துணியையே கொடு, பெரிய இயந்திரத்தில் வைத்து என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "எங்கப்பாவக் கேட்டுட்டு வர்றனுங்க சார்."

வந்து கேட்டாள். நேருக்கு நேராக, சமையலறையில், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாளாம். அந்த வீட்டில் அந்தக் கேள்வி எழுந்ததே கிடையாது.

ராசப்பன் முதலில் பேரம் பேசினார். "நாலுல மூணச் சொல்றேன். ஒன்ன மட்டும் உட்ருவோம்."

"ஒன்ன உட்டா ஒன்னுமே சொல்லாத மாதிரிதாங்கப்பா."

"அப்ப இப்படிப் பண்ணலாம். எந்த ஊர்க்காரனுக்கு வேணுமோ, கல்ல எங்கிட்ட அனுப்பச் சொல்லு. நானே போட்டுத் திருப்பி அனுப்பிர்றேன். ஜாப் வொர்க்."

சிந்துஜா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர் அதை முழு மனதோடு சொன்னார். திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தானே பிழைக்கிறார்கள்? சரக்கு வரும், வேலை முடியும், சரக்கு போகும். வேலை எப்படி முடிந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் முக்குக் கடையில் டீயை ஆற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, அந்த ஆராய்ச்சிப் பொஸ்தகம் நம்மூர்ல எந்தக் கடைல விக்கும்?"

"எந்தக் கடையிலும் விக்காது."

"நெட்டுல வருமில்லீங்க?"

வரும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கணக்கு மாதிரி அடுக்கினார். நெட்டில் வந்தால் தரணீதரன் கையில் வரும். தரணீதரன் கையில் வந்தால், கலவையைப் போட ஒரு மாஸ்டர் எதற்கு, கிலோக் கணக்கில் அளந்து ஊற்ற ஒரு ஆள் போதும். "அதோட எனக்கும் லேபிளக் கிழிச்சாப்புலதானுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐம்பத்தாறு வயதில், தெரிந்த ஒரே தொழிலில், தன்னை ஆளாக நிறுத்தியிருக்கிற ஒரே விஷயத்தைக் கொடுத்துவிட்டு எங்கே போய் நிற்பது என்கிற பயம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"அப்ப சொல்ல வேண்டாம். புள்ள வேற ஆராய்ச்சி பண்ணிக்கட்டும்" என்றேன், சமாதானமாக.

கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அதெப்படிங்க? வந்தவனெல்லாம் திருடத்தானுங்க பாத்தான். லேபிளப் பொறுக்குனான், பாட்டல்ல புடிச்சான். மொதலாளிகூட டெஸ்டுக்குத்தான் அனுப்புனாரு. இத்தன வருசத்துல ஒருத்தன்கூட 'மாஸ்டர், அதுல என்ன போடறீங்க?'ன்னு மூஞ்சியப் பாத்துக் கேக்கலீங்க. எம்புள்ள கேட்டுச்சு. மெசினு வச்சுத் திருடிருக்கலாம், திருடலீங்க."

"அவங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லிருக்க மாட்டனுங்க" என்றார் உடனே. "ஆனாக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

அந்த ஆள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

இரண்டு வாரம் அவர் பாட்டுக்கு லேபிள் கிழித்துக்கொண்டிருந்தார். சிந்துஜாவும் திரும்பக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அடித்து முடித்த லேபிள்களைக் கொடுக்க யூனிட்டுக்குப் போயிருந்தேன். மாஸ்டரின் கண்ணாடி அறையில் சிந்துஜா உட்கார்ந்திருந்தாள். அவரே ஃபோன் போட்டு வரச்சொன்னாராம். மடியில் லேப்டாப் திறந்திருந்தது. ராசப்பன் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, பொண்ணு பார்க்கப் போகிற மாதிரி நின்றார்.

அறைக்குள் வேலை செய்துகொண்டிருந்த பீகார்ப் பையன்கள் இரண்டு பேரையும் முதலில் அனுப்பினார். அவருடைய இந்தியிலும் கொங்கு மரியாதை உண்டு. "சாய் பீக்கே ஆவுங்க" என்றார், டீ குடித்துவிட்டு வரும்படி. அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் சித்த வெளிய நில்லுங்க."

"என்னங்க மாஸ்டர், உலகமே படிக்கப் போகுது. நான் கேட்டா என்ன?"

"ஒலகம் படிக்கட்டுமுங்க. அதுல வந்தப்பறம் நீங்களும் படிச்சுக்குங்க."

"தரணி தம்பி படிச்சுட்டா?"

"படிக்கட்டுமுங்க" என்றார். "நம்ம கலவ கல்லு மேல ஏறுனா போகாதுங்குது எம்புள்ள, பாக்கலாம்."

வெளியே வந்தேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பாவும் மகளும். சிந்துஜா விரல்களை லேப்டாப்பின்மேல் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒரு முறை ஜன்னலைப் பார்த்தார், ஒரு முறை கூரையைப் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் குனிந்து, இரண்டு கைகளையும் மகளின் காதைச் சுற்றிக் குவித்து, அதற்குள் வாயை வைத்தார்.